மாதிரி சரியாக வந்த பிறகு தொடங்கிய சிக்கல்கள்: ஒரு சென்சார் கருவியை உற்பத்திக்குக் கொண்டுபோன அனுபவம்

பேட்டரியில் ஓடும் சிறிய ப்ளூடூத் சென்சார் ஒன்று ஒருவழியாக உற்பத்திக்குப் போய்விட்டது. இரண்டு துண்டு ஏபிஎஸ் பிளாஸ்டிக் கூடு, உள்ளே ஒரு சர்க்யூட் போர்டு, ஒரு லித்தியம் அயன் செல். பொருள் அவ்வளவுதான். தேவைப் பட்டியல், சர்க்யூட், முதல் மாதிரி எல்லாம் திட்டப்படியே முடிந்தன. நேரமும் பணமும் கரைந்தது அதற்கப்புறம்தான்: மோல்டு (உருகிய பிளாஸ்டிக்கைச் செலுத்தி வார்க்கும் எஃகு அச்சு), சோதனை லேப், சரக்கு அனுப்புமிடம். இதே பாதையில் இறங்கப் போகிறவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

3டி பிரிண்டரில் எடுத்த கூடு கச்சிதமாகப் பொருந்துகிறதே என்று மோல்டுக்கு ஆர்டர் கொடுத்துவிடாதீர்கள். பிரிண்டருக்குச் சுவர் எப்படி இருந்தாலும் கவலையில்லை. மோல்டில் செங்குத்துச் சுவர்களுக்குக் குறைந்தது 1 டிகிரி சாய்வு வேண்டும். இல்லாவிட்டால் பாகம் வெளியே வரும்போது உராய்ந்து கோடு விழும். மேலே டெக்ஸ்சர் (சொரசொரப்பான மேற்பரப்பு) வருமென்றால் அதுவும் போதாது. டெக்ஸ்சரின் ஆழத்தில் ஒவ்வொரு 0.025 மி.மீ.க்கும் இன்னும் 1 முதல் 1.5 டிகிரி சேர்க்க வேண்டும்.

மோல்டு செய்யும் டூல் ரூமிலிருந்து வந்த டிசைன் ஆய்வு அறிக்கையில் பெரும்பாலான வரிகளுக்கு எதிரே 'சரி' என்று மட்டும் இருந்தது. முதல் ட்ரையலில் திருகு இறங்கும் தூண்களுக்கு நேர் மேலே, வெளிப்பரப்பில், வரிசையாகக் குழிகள். காரணம் எளிது. சுவர் 2 மி.மீ. என்றால் அதை ஒட்டி நிற்கும் ரிப்போ (உள்ளே தாங்கும் மெல்லிய தகடு) தூணின் சுவரோ 1 முதல் 1.2 மி.மீ.க்குள் இருக்க வேண்டும்; அதாவது சுவரின் கனத்தில் 50 முதல் 60 சதவீதம். அதைத் தாண்டினால் அந்த இடம் கடைசியாக ஆறும், ஆறும்போது வெளித்தோலை உள்ளே இழுக்கும். மெஷினில் ஹோல்டிங் பிரஷரை (பிளாஸ்டிக் ஆறும்போது தரும் அழுத்தம்) ஏற்றிக் குழியை மறைக்கப் பார்த்தார்கள். குழி கொஞ்சம் குறைந்தது, ஆனால் மோல்டின் இரு பாதிகளும் சேரும் கோட்டில் ஃபிளாஷ் (மெல்லிய பிளாஸ்டிக் பிசிறு) பிதுங்கியது. வடிவத்தில் உள்ள கோளாறை மெஷின் செட்டிங்கால் தீர்க்க முடியாது. தூணின் அடியை மெலிதாக்கிய பிறகே குழி போனது.

அதனால் 'சரி' என்ற ஒற்றைச் சொல்லை ஏற்காதீர்கள். பார்ட்டிங் லைன் (மோல்டின் பாதிகள் சேரும் கோடு), கேட் (பிளாஸ்டிக் நுழையும் வாய்) இருக்குமிடம், பாகத்தை வெளியே தள்ளும் எஜெக்டர் பின்களின் தடம், சுவர் கனம், சாய்வு, ஆறும்போது பிளாஸ்டிக் சுருங்கும் என்று கணக்கில் எடுத்த சுருக்க அளவு ஒவ்வொன்றையும் படத்தோடு எழுதித் தரச் சொல்லுங்கள். சுருக்க அளவு மிக முக்கியம். ஏபிஎஸ் சுமார் 0.4 முதல் 0.7 சதவீதம் சுருங்கும். பாலிப்ரொப்பிலீன் 1 முதல் 2.5 சதவீதம் வரை போகும். மோல்டு வெட்டிய பிறகு 'மலிவான பிளாஸ்டிக்குக்கு மாறலாமே' என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கைக் காட்டுங்கள். 100 மி.மீ. நீளத்தில் வித்தியாசம் 1 மி.மீ.க்கு மேல் போகலாம். மூடி உட்காராது.

இன்னொன்று: பூட்டும் கொக்கிகளை முதலில் சற்றுச் சிறிதாகவே வையுங்கள். மோல்டில் எஃகை வெட்டினால் பாகத்தில் பிளாஸ்டிக் கூடும், அது சுலபம். பிளாஸ்டிக்கைக் குறைக்க வேண்டுமென்றால் வெல்டிங் செய்து எஃகைச் சேர்க்க வேண்டும், அந்தத் தழும்பு டெக்ஸ்சரில் தெரியும். நாள் மிச்சமாகும் என்று சொல்லி முதல் ட்ரையலுக்கு முன்பே டெக்ஸ்சர் போட்டுவிடப் பார்த்தார்கள். விடாப்பிடியாகத் தடுத்ததால் பிழைத்தோம். அதற்கப்புறம் மூன்று இடங்களில் எஃகைத் தொட வேண்டியிருந்தது.

பட்டன் ஒரு கருவியில் இறுக்கமாகவும் அடுத்ததில் லொடலொடவென்றும் இருந்ததற்குக் காரணம் அளவுப் பிழைகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கூடியதுதான். ஐந்து பாகங்கள், ஒவ்வொன்றும் ±0.1 மி.மீ. என்றால் மோசமான நிலையில் ±0.5, வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் ±0.22. பட்டனுக்கு விட்டிருந்த இடைவெளி 0.3 தான். அளவுகளை இறுக்கினால் செலவு ஏறும். போர்டை அடிக்கூட்டில் நிறுத்தாமல் மூடியிலேயே திருகினோம். இடையில் வரும் பாகங்கள் குறைந்தன, பட்டன் சரியானது.

ரேடியோ சான்றுக்கான சோதனை லேபுக்குப் போன பயணம் ஒன்று முழுதாக வீண். விண்ணப்பப் படிவத்தில் சொன்னதையெல்லாம் கொண்டுபோயும், கவுண்டரில் மாதிரிகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். கருவி சில நிமிடங்களுக்கு ஒருமுறை மட்டுமே சிக்னல் அனுப்பிவிட்டுத் தூங்கும். அளவெடுக்க அது விடாமல் அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும், அதுவும் 2402, 2440, 2480 மெகாஹெர்ட்ஸ் என்று தனித்தனியாக. அதற்கான சோதனை ஃபர்ம்வேர் (கருவிக்குள் ஓடும் மென்பொருள்) தேவை என்று படிவத்தில் எங்குமே இல்லை. அன்றைய முன்பதிவும் போயிற்று. முன்கூட்டியே மின்னஞ்சலில் முழுப் பட்டியல் கேட்டு வாங்குங்கள். சோதனை ஃபர்ம்வேர், அளக்கும் கருவியை நேரடியாக இணைக்க ஆன்டெனாவுக்குப் பதில் கோஆக்ஸ் கனெக்டர் வைத்த ஒரு மாதிரி, மாற்று மாதிரிகள், பெட்டியோடு விற்கப்போகும் அதே சார்ஜர், அதே கேபிள் எல்லாம் கையோடு போகட்டும்.

ஏற்கெனவே சான்று பெற்ற ரேடியோ மாட்யூல் (தயாராக விற்கும் ரேடியோ பகுதி) போட்டால் சோதனையே வேண்டாம் என்று பலர் நம்புகிறார்கள். மாட்யூலின் சான்றில் சொன்ன ஆன்டெனாவை அப்படியே பயன்படுத்தினால் ரேடியோ பகுதியின் சோதனைகள் பலவற்றை மறுபடி செய்யத் தேவையிருக்காது. முழுக் கருவியின் மின்காந்தக் கசிவை எப்படியும் அளந்தாக வேண்டும். எங்களுக்கு அங்கே மாட்டியது சார்ஜிங் கேபிள். 1 மீட்டர் கேபிள் 75 மெகாஹெர்ட்ஸ் அலையின் கால் நீளம். நல்ல ஆன்டெனாவாகவே வேலை செய்யும். கனெக்டரை ஒட்டி ஒரு கெப்பாசிட்டர் வைத்து, அதன் கிரவுண்ட் பாதையைச் சுருக்கியதும் அளவு வரம்புக்குள் இறங்கியது.

சரக்கு நின்றது ஒரு காகிதத்தால். லித்தியம் செல்லுக்கு யு.என். 38.3 (செல்லைப் பாதுகாப்பாக அனுப்புவதற்கான ஐ.நா. சோதனை) முடிவுகளின் சுருக்க அறிக்கை கட்டாயம். 2020 ஜனவரி 1 முதல் தயாரிப்பாளரும் விநியோகஸ்தரும் அதைக் கேட்டால் தர வேண்டும். சப்ளையர் தந்தார், ஆனால் அதிலிருந்த மாடல் எண்ணும் செல்லின் மேல் அச்சிட்டிருந்ததும் ஓர் எழுத்தில் வேறுபட்டன. விமானச் சரக்கில் ஏற்க மறுத்துவிட்டார்கள், அது நியாயமும்கூட. செல்லைத் தேர்வு செய்யும் நாளிலேயே அந்தக் காகிதத்தை வாங்கி, மாடல் எண்ணையும் வாட்-ஹவர் அளவையும் செல்லோடு வைத்துப் பாருங்கள். 3.7 வோல்ட், 500 மில்லிஆம்பியர்-ஹவர் என்றால் 1.85 வாட்-ஹவர். இரண்டு இடத்திலும் ஒரே எண் இருக்க வேண்டும்.

கடைசியாக, பாகப் பட்டியலில் 'அல்லது இணையானது' என்று எழுதவே எழுதாதீர்கள். பைலட் பேட்ச்சில் (முன்னோட்டமாகச் செய்த சிறு தொகுதி) 10 மைக்ரோஃபேரட் செராமிக் கெப்பாசிட்டருக்குப் பதில் அதே மதிப்பு, அதே வோல்டேஜ், ஆனால் அளவில் சிறியது வந்துவிட்டது. செராமிக் கெப்பாசிட்டர் டிசி வோல்டேஜ் ஏறும்போது மதிப்பை இழக்கும். சிறிய உருவில் அந்த இழப்பு பொதுவாக அதிகம், பாதிக்கு மேலும் போகலாம். ரேடியோ அனுப்பும் நொடியில் வோல்டேஜ் சரிந்து கருவி ரீசெட் ஆனது. இப்போது பட்டியலில் பாக எண்ணோடு அனுமதித்த மாற்றுகளும் இருக்கின்றன. ஒவ்வொரு மாற்றையும் சில போர்டுகளில் பொருத்தி, அனுப்பும் நேரத்தில் வோல்டேஜ் எவ்வளவு இறங்குகிறது என்று ஆஸிலோஸ்கோப்பில் பார்த்த பிறகே கையெழுத்து.