டிமென்ஷியா மூளை: மேசையிலிருந்து அறிக்கை வரை

ஸ்கேனும் முதுகுத்தண்டு நீர்ப் பரிசோதனையும் எவ்வளவோ முன்னேறிவிட்டன. ஆனாலும் ஒருவருக்கு வந்தது எந்த வகை டிமென்ஷியா, அதில் எத்தனை நோய்கள் கலந்திருந்தன என்பதைக் கடைசியாகச் சொல்வது தானமாக வந்த மூளைதான். இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்கள் எல்லாம் நுண்ணோக்கியில்தான் நடக்கிறது என்று நினைப்பார்கள். ஆனால் முடிவின் பாதி, கத்தி வைக்கும் இடத்திலேயே தீர்மானமாகிவிடும். எங்கள் ஆய்வகத்தில் நாங்கள் செய்யும் முறையை, தவறு நேரும் இடங்களோடு சேர்த்து எழுதுகிறோம்.

பையைத் திறப்பதற்கு முன்பே மருத்துவக் குறிப்பில் ஒரு விஷயத்தைத் தேடுகிறோம்: சில மாதங்களுக்குள் வேகமாக முற்றிய மறதி, கூடவே உடல் துடிப்புகள். அப்படி இருந்தால் குரொய்ட்ஸ்பெல்ட்-ஜேக்கப் நோய் என்ற சந்தேகத்தோடுதான் கையாள வேண்டும். அந்த நோயை உண்டாக்கி, தொற்றவும் கூடிய பிரியான் புரதத்தை, திசுவைப் பதப்படுத்தும் ஃபார்மலின் அழிக்காது. ஃபார்மலினில் ஊறிய திசு பாதுகாப்பானது என்ற பழக்கம் இங்கே ஆபத்து. அத்தகைய மூளையிலிருந்து எடுக்கும் சிறு துண்டுகளை அடர் ஃபார்மிக் அமிலத்தில் ஒரு மணி நேரம் வைத்து, மீண்டும் ஃபார்மலினில் ஊறவிட்ட பிறகே மெழுகுக்கு அனுப்புகிறோம்.

அடுத்தது எடை. முதிர்ந்தவரின் மூளை ஏறத்தாழ 1,200 முதல் 1,400 கிராம் இருக்கும். முற்றிய அல்சைமரில் 1,000 கிராமுக்குக் கீழேயும் இறங்கும். ஃபார்மலினில் ஊறினால் எடை கூடிவிடும் என்பதால் பச்சைத் திசுவாக இருக்கும்போதே நிறுத்துவிடுகிறோம். இறந்த நேரம், உடலைக் குளிரூட்டிய நேரம், மூளையை வெளியே எடுத்த நேரம் மூன்றையும் தனித்தனியாகக் குறிக்கிறோம். "இறந்து 12 மணி நேரம்" என்று மட்டும் எழுதினால், அதில் எவ்வளவு நேரம் அறைவெப்பத்தில் போனது என்று யாருக்கும் தெரியாது. ஆனால் நேரத்தை மட்டும் பிடித்துத் தொங்குவதிலும் பயனில்லை. நாள்கணக்கில் மூச்சுத்திணறிக் காய்ச்சலோடு இறந்தவரின் மூளை நான்கே மணி நேரத்தில் கைக்கு வந்தாலும் அதன் பி.எச். தாழ்ந்திருக்கும், ஆர்.என்.ஏ. சிதைந்திருக்கும். அதனால் சிறுமூளைத் துண்டொன்றைக் கரைத்து பி.எச். பார்க்கிறோம். ஆர்.என்.ஏ. ஆய்வு செய்பவர்கள் முதலில் கேட்க வேண்டிய எண்ணும் அதுதான்.

முகர்வுக் குமிழ்கள் வந்திருக்கின்றனவா என்றும் அப்போதே பார்க்க வேண்டும். மண்டையிலிருந்து மூளையை எடுக்கும்போது பெரும்பாலும் அவை எலும்போடு ஒட்டி நின்றுவிடும். லூவி படிவுகள் (ஆல்ஃபா-சினியூக்ளின் என்ற புரதத்தின் திரட்சிகள்) சீக்கிரமே தோன்றும் இடங்களில் அதுவும் ஒன்று. எடுப்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவைத்தால் ஒழிய அது கிடைப்பதில்லை.

பிறகு நடுக்கோட்டில் இரண்டாகப் பிளக்கிறோம். ஒரு பாதி உறைநிலைக்கு, மறு பாதி ஃபார்மலினுக்கு. எந்தப் பக்கத்தை உறையவைப்பது என்பதை வழக்கத்துக்கு விட்டுவிடக் கூடாது. பேச்சை முதலில் பறிக்கும் முன்மூளை-பக்கமூளைச் சிதைவில் பெரும்பாலும் இடப்பக்கம்தான் அதிகம் சுருங்கியிருக்கும். வழக்கம் என்று இடப்பக்கத்தை உறையவைத்தால் நோயின் மையமே நுண்ணோக்கிக்கு வராது. மருத்துவக் குறிப்பைப் பார்த்தபின் முடிவெடுக்கிறோம். குறிப்பே இல்லாதபோது ஒருமுறை வலம், ஒருமுறை இடம் என்று மாற்றிக்கொள்கிறோம்.

உறையவைக்கும் பாதியை ஒரு சென்டிமீட்டர் தடிப்பில் குறுக்குவாக்கில் வெட்டி, முன்பே குளிர்வித்த இரண்டு உலோகத் தட்டுகளுக்கு நடுவே வைத்து வேகமாக உறையவிடுகிறோம். அப்படியே பையில் போட்டு உறைபெட்டியில் வைத்தால் மெல்ல உறையும். பனிப்படிகங்கள் செல்களைக் கிழித்துவிடும். உறைந்தபின் ஒவ்வொரு துண்டும் தனிப் பையில், மைனஸ் 80 டிகிரியில்.

ஃபார்மலின் பாதியில்தான் பலருக்கும் அவசரம். பி.எச். நடுநிலையாக்கிய 10 சதவீத ஃபார்மலின், திசுவைப்போல் குறைந்தது பத்து மடங்கு அளவு. 600 கிராம் பாதிக்கு ஆறு லிட்டராவது வேண்டும். வாளியின் அடியில் தடிமனாகத் துணி விரிக்காவிட்டால் ஒரு பக்கம் தட்டையாக நசுங்கும். மறுநாள் கரைசலை மாற்றி, இரண்டிலிருந்து மூன்று வாரம் விடுகிறோம். சீக்கிரம் வெட்டினால் உள்ளே இளஞ்சிவப்பாக, குழைவாக இருக்கும், கத்தியில் ஒட்டும். ஃபார்மலின் போய்ச் சேரும் முன் உள்ளே வாயு உண்டாக்கும் பாக்டீரியா பெருகினால் வெட்டுமுகம் முழுக்கச் சல்லடைபோல் ஓட்டை விழும். அதை நோய் என்று எழுதிவிடக் கூடாது. மறுபக்கம், மாதக்கணக்கில் ஊறினால் புரதங்கள் குறுக்குப்பிணைப்பில் மறைந்து அவற்றைச் சாயத்தில் காட்ட உதவும் சில ஆன்டிபாடிகள் ஒட்டவே மறுக்கும். நடுநிலையாக்காத ஃபார்மலின் என்றால் ரத்தத்தோடு சேர்ந்து கருப்புத் துகள்களை விட்டுவைக்கும்.

வெட்டும்போது கண்ணுக்குத் தெரிவதையும் எழுதுகிறோம்: மூளை அறைகள் விரிந்திருக்கின்றனவா, நினைவுக்கான ஹிப்போகேம்பஸ் பகுதி சுருங்கியிருக்கிறதா, நடுமூளையின் கருப்புப் பட்டையும் அதற்குக் கீழே மூளைத்தண்டில் உள்ள பான்ஸின் நீலப்புள்ளியும் வெளிறியிருக்கின்றனவா. நீலப்புள்ளி மட்டும் வெளிறிக் கருப்புப் பட்டை அப்படியே இருந்தால் அல்சைமர் பக்கம் சாய்கிறோம். இரண்டுமே வெளிறியிருந்தால் லூவி நோயைக் கட்டாயம் தேடுகிறோம்.

துண்டு எடுக்கும் இடம்தான் நிலையை நிர்ணயிக்கும். அல்சைமரில் நியூரானுக்குள் திரளும் டவ் புரதத்தின் முறுக்குகளுக்கு 1991இல் ஹைக்கோ பிராக், ஏவா பிராக் இருவரும் வகுத்த ஆறு நிலைகளையே இன்றும் பின்பற்றுகிறோம். முதல் நிலை தொடங்குவது ஹிப்போகேம்பஸை ஒட்டிய என்டோரைனல் புறணியின் வெளிவிளிம்பில், கொலேட்டரல் பள்ளத்தின் சரிவில். ஹிப்போகேம்பஸ் துண்டைக் கச்சிதமாகச் சதுரமாக வெட்டுகிறேன் என்று அந்தச் சரிவைத் தள்ளிவிட்டால் ஆரம்ப நோய் கண்ணிலேயே படாது. பிற்பகுதிக்குப் போய் வெட்டினாலும் அதே கதி. அதனால் ஹிப்போகேம்பஸுக்கு முன்னால் உள்ள அமிக்டலாவின் மட்டத்தில் ஒன்று, பார்வை நரம்புப் பாதையில் உள்ள பக்க முழந்தாள் உருவின் மட்டத்தில் ஒன்று என இரண்டு துண்டு எடுக்கிறோம். மறுமுனையில் ஐந்தாம் நிலையையும் ஆறாம் நிலையையும் பிரிப்பது பிடரிப்பக்கத்து முதன்மைப் பார்வைப் புறணி. அங்கே வெறுங்கண்ணுக்கே வெள்ளைக் கோடு ஒன்று தெரியும். அந்தக் கோடும் அதை ஒட்டிய கோடற்ற பகுதியும் ஒரே துண்டில் வர வேண்டும். முதலில் சாயமேற்றுவது இந்த மூன்று துண்டுகளைத்தான்.

அல்சைமரின் இன்னொரு புரதமான அமிலாய்டின் பயணம் வேறு, ஐந்து கட்டங்கள்: புறணியில் தொடங்கி, ஹிப்போகேம்பஸ், அடித்தள முடிச்சுகள், நடுமூளை என்று இறங்கிச் சிறுமூளையில் முடியும். அதற்குத் தனித் துண்டுகள். சிறுமூளையை மறந்துவிட்டு ஐந்தாம் கட்டம் இல்லை என்று எழுத முடியாது.

துண்டுகள் 3 முதல் 4 மில்லிமீட்டர் தடிப்புதான் இருக்க வேண்டும். மூளையில் கொழுப்பு அதிகம்; தடித்தால் நடுவில் ஆல்கஹாலும் மெழுகும் ஏறாமல் வெட்டும்போது பொடியும். கேசட்டில் பென்சிலால் மட்டுமே எழுத வேண்டும், பேனா மையை ஸைலீன் கரைத்துவிடும். சீவல் 5 முதல் 8 மைக்ரான். மறைந்த புரதங்களை ஆன்டிபாடிக்குத் திறந்துவிடச் சிட்ரேட் கரைசலில் சூடாக்கும்போது வெள்ளைப்பொருள் கண்ணாடியிலிருந்து உரிந்து மிதப்பது அன்றாடத் தொல்லை. மின்னேற்றமுள்ள கண்ணாடியும் இரவு முழுக்க 37 டிகிரியில் உலர்த்துவதும் பெருமளவு காக்கும்.

ஆன்டிபாடிகள்: டவ்வுக்கு ஏடி8, அமிலாய்டுக்கு 4ஜி8 போன்றவை, அடுத்து பாஸ்பேட் ஏறிய ஆல்ஃபா-சினியூக்ளின், டிடிபி-43 ஆகிய புரதங்களுக்கு உரியவை. அமிலாய்டுக்கும் சினியூக்ளினுக்கும் 80 சதவீதத்துக்கு மேற்பட்ட ஃபார்மிக் அமிலத்தில் சில நிமிடம், வாயு உறிஞ்சும் அறைக்குள். இதை விட்டால் படிவுகள் மங்கலாக விழும். "குறைவு" என்று தப்பாக எண்ணிவிடுவோம். ஒவ்வொரு தொகுதியிலும் நோய் உறுதியான சீவல் ஒன்று, முதல் ஆன்டிபாடி இல்லாத சீவல் ஒன்று. செல்கருக்களைக் காட்டும் நீலச் சாயம் லேசாக இருக்கட்டும், அழுத்தினால் டவ்வின் மெல்லிய இழைகள் மூழ்கிவிடும். கருப்புப் பட்டையிலும் நீலப்புள்ளியிலும் மெலனின் நிறமியே பழுப்பு; பழுப்புச் சாயத்தோடு குழம்பும். அங்கே சிவப்பு நிறம் தரும் வேதிப்பொருளுக்கு மாறிக்கொள்கிறோம்.

எண்ணும்போது வழக்கமாக நேரும் குழப்பம், வயதானவர்களின் மூளையில் நட்சத்திரச் செல்களில் தேங்கும் டவ். மேற்பரப்பின் அடியிலும் ரத்தக்குழாய்களைச் சுற்றியும் முள்முள்ளாக இருக்கும். அது நியூரானுக்குள் இல்லை, ஆகவே பிராக் கணக்கில் சேராது. அதேபோல் ஹிப்போகேம்பஸில் நியூரான்கள் மொத்தமாக அழிந்திருந்து டவ் குறைவாகவே இருந்தால் டிடிபி-43 பார்க்காமல் கோப்பை மூடக் கூடாது. 2019இல் லேட் (LATE) என்று பெயர் பெற்ற, முதியவர்களுக்கு வரும் டிடிபி-43 நோய் அங்கேதான் ஒளிந்திருக்கும். அதை அமிக்டலாவிலிருந்து தேடத் தொடங்குகிறோம்.

2012 வழிகாட்டுதலின்படி அமிலாய்டுக்கு ஏ, டவ்வுக்கு பி, நரம்பிழை சூழ்ந்த படிவுகளுக்கு சி என்று 0 முதல் 3 வரை மூன்று மதிப்பெண்கள். மருத்துவக் குறிப்பைப் பார்க்காத இருவர் தனித்தனியாகப் போட்டு, வேறுபட்டால் அதே கண்ணாடியை ஒன்றாக உட்கார்ந்து பார்க்கிறார்கள். அதன்பிறகே குறிப்போடு ஒப்பிடுகிறோம். அறிக்கையில் நோய்களைத் தனித்தனி வரியில் எழுதுகிறோம்: அல்சைமர் மாற்றம் எந்த அளவு, லூவி எங்கே, டிடிபி-43 எந்த நிலை, ரத்தக்குழாய்ச் சேதம் எவ்வளவு. எண்பது வயதுக்கு மேற்பட்ட மூளைகளில் ஒரே வரியோடு முடியும் அறிக்கை எங்களுக்கு அபூர்வம். "அல்சைமரா, இல்லையா" என்று மட்டும் கேட்டு வரும் ஆய்வாளருக்கும் முழு அறிக்கையைத்தான் அனுப்புகிறோம், துண்டெடுத்த இடங்களின் படத்தோடு.