வாய்வு என்று நினைத்தோம்

சித்தப்பாவுக்கு இதய ரத்தக்குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் (குழாயைத் திறந்து வைக்கும் சிறு கம்பிவலை) வைத்து இன்றோடு பத்து நாள்.

அன்று விடியற்காலையில் நெஞ்சு கனக்கிறது என்றார். வாய்வுதான் என்று சித்தி பூண்டை நசுக்கிப் பாலில் காய்ச்சிக் கொடுத்தார். சட்டை நனைய வியர்த்த பிறகுதான் ஆட்டோ பிடித்தோம். வீணாய்ப் போன அந்த ஒன்றரை மணி நேரத்தை நினைத்தால் இன்னும் வயிற்றைப் பிசைகிறது.

சர்க்கரை இருக்கிறது. அப்புறம் பீடி. பிரஷர் மாத்திரையை, “தலைசுற்றல்தான் இல்லையே” என்று அவராகவே நிறுத்தியிருக்கிறார். ரத்தக் கொதிப்பு பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாது, அளந்து பார்த்தால்தான் தெரியும். தயவுசெய்து மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

புகையை விட்டால் ஒரே வருடத்தில் இதய நோய்க்கான கூடுதல் ஆபத்து பாதியாகக் குறையும் என்றார் டாக்டர். தலையணைக்கடியில் இருந்த பீடிக்கட்டைச் சித்தப்பாவே எடுத்துக் கொடுத்தார்.

நாளை வெறும் வயிற்றில் நானும் தம்பியும் ரத்தப் பரிசோதனைக்குப் போகிறோம்.