கவரில் அச்சான கணக்கு

பிரிட்டிஷ் இசைக்குழு ஸ்க்ரிட்டி பொலிட்டியின் முதல் சிங்கிளான (சிறு இசைத்தட்டு) ‘ஸ்கேங்க் பிளாக் பொலோன்யா’வைப் பாட்டாகக் கேட்பதற்கு முன்பே நான் அதன் கவரைப் படித்துவிட்டேன். படித்த கையோடு அப்பாவையும் கூப்பிட்டுக் காட்டினேன். பெங்களூரு சுல்தான்பேட்டையில் அச்சு பிரஸ் வைத்திருக்கிறவர்களுக்கு அது சும்மா கடந்துபோகிற கவர் இல்லை.

1978-ல் வந்தது. ஜெராக்ஸ் எடுத்துக் கையால் மடித்த தாள்தான் கவர். அதில் முழுச் செலவும் இருக்கிறது: கேம்பிரிட்ஜ் ஸ்பேஸ்வேர்ட் ஸ்டூடியோவில் 14 மணி நேர ரெக்கார்டிங், 98 பவுண்டு. 2,500 இசைத்தட்டு, தட்டுக்கு 13 பென்ஸ். ரப்பர் ஸ்டாம்ப், 8 பவுண்டு. எங்கே செய்தார்கள் என்ற முகவரிகளும் உண்டு.

அந்த 8 பவுண்டில்தான் அப்பா நின்றுவிட்டார். தட்டின் நடுவில் இருக்கிற லேபிளை அச்சடிப்பதென்றால் பிளேட் போடணும், மெஷினில் ஏற்றணும், கலர் செட் ஆகும்வரை தாள் வேஸ்ட். நூறு அடித்தாலும் ஆயிரம் அடித்தாலும் அந்த ஆரம்பச் செலவு குறையாது. இவர்கள் வெள்ளை லேபிளோடு தட்டை வாங்கி, ஸ்டாம்பைக் குத்திவிட்டார்கள். பேடில் மை புதுசாக இருக்கும்போது எழுத்து ஊறித் தடிக்கும், போகப்போக ஓரம் வெளுக்கும். ஒரு பிரதி மாதிரி இன்னொன்று இருக்காது. அப்பாவுக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது.

பாட்டு கிட்டத்தட்ட ஆறு நிமிஷம். நயல் ஜிங்க்ஸின் பேஸ் கிடார் ஜமைக்காவின் ரெகே தாளத்தில் நிதானமாக நடக்க, டாம் மோர்லியின் டிரம்ஸ் அதோடு இழுபட, கிரீன் கார்ட்சைடின் கிடார் அங்கங்கே கீறிவிட்டுப் போகும். கார்ட்சைடின் குரல் மட்டும் மெதுவானது. பங்க் ராக் என்றால் கத்தல் என்று நினைத்திருந்த எனக்கு அந்த மெதுவே அதிர்ச்சி. தலைப்பில் வரும் பொலோன்யா 1977 மார்ச்சில் போலீஸ் ஒரு மாணவரைச் சுட்டுக்கொன்றதும் தெருவெல்லாம் கொந்தளித்த இத்தாலி நகரம். குழுவின் பெயரே இத்தாலிய மார்க்சியச் சிந்தனையாளர் கிராம்சியின் அரசியல் எழுத்துகளை நினைத்து வைத்ததுதான்.

கார்ட்சைடும் மோர்லியும் இங்கிலாந்தின் லீட்ஸ் பாலிடெக்னிக்கில் படித்தவர்கள். அங்கே 1976 டிசம்பரில் செக்ஸ் பிஸ்டல்ஸ் என்ற பங்க் குழு வாசித்ததைப் பார்த்திருக்கிறார்கள். ஆனால் கணக்கைத் திறந்து வைக்கிற துணிச்சலுக்கு டெஸ்பரேட் பைசைக்கிள்ஸ் என்ற இன்னொரு குழுதான் முன்னோடி என்பேன். 1977-ல் தங்கள் முதல் சிங்கிளுக்கு ஆன செலவு 153 பவுண்டு என்று ஊருக்கே சொன்னவர்கள் அவர்கள். ரெக்கார்ட் போடுவது பெரிய கம்பெனிகளுக்கு மட்டுமே தெரிந்த வித்தை என்ற பயம் ஒரு தொகையைக் கண்ணால் பார்த்ததும் விலகுகிறது. ஸ்க்ரிட்டி பொலிட்டி கவரில் இருக்கிற 98-ஐ 14-ஆல் வகுத்தால் மணிக்கு 7 பவுண்டு. கையில் இருப்பதை வைத்து எத்தனை மணி நேரம் கிடைக்கும் என்று யாரும் போட்டுப் பார்க்கலாம்.

என் சித்தி பையனும் அவன் கூட்டாளிகளும் அல்சூரில் தமிழ்ப் பாட்டுக் குழு வைத்திருக்கிறார்கள். போன வாரம் பிரஸ்ஸுக்கு வந்தார்கள்.

“அக்கா, சிடி கவருக்கு எவ்ளோ ஆகும்?”

“சொல்றேன். ஆனா மொத்தச் செலவையும் பின்பக்கம் போடுங்கடா.”

“ஸ்டூடியோ வாடகையுமாக்கா?”

“அதுதான் முதல்ல வரணும்.”

அவர்களுக்கு அந்த ஜெராக்ஸ் கவரின் படத்தைக் காட்டினேன். வரிவரியாகப் படித்தார்கள். எங்கள் ரேட்டையும் பிரஸ் முகவரியோடு அதில் போடச் சொல்லிவிட்டார் அப்பா. 300 ஜிஎஸ்எம் (தாளின் கனம்) கார்டு எதற்கு, 170 ஜிஎஸ்எம் ஆர்ட் பேப்பரே போதும், ஒரே கலரில் அடித்தால் இன்னும் குறையும் என்று கணக்குச் சீட்டையும் அவரே எழுதிக் கொடுத்தார்.