28.4 என்று பொய் சொன்ன டேப்லெட்

மீன் தொட்டி பக்கத்தில் ஒரு பழைய டேப்லெட்டை மாட்டி, தண்ணீரின் சூடு, லைட், ஃபேன் எல்லாவற்றையும் அதிலேயே பார்க்கலாம் என்று மார்ச்சில் ஆரம்பித்தேன். முடிக்கும்போது ஜூன். இடையில் இரண்டு வருஷம் வளர்த்த ஒரு ஏஞ்சல் மீனும் போய்விட்டது.

கன்ட்ரோலர் பகுதியில் சிக்கல் எதுவும் இல்லை. ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கம்ப்யூட்டர் போர்டு (இனி சுருக்கமாகப் பை), அதில் மீன் தொட்டியைக் கவனிக்கும் ரீஃப்-பை என்ற மென்பொருள், தண்ணீருக்குள் சூட்டை அளக்கும் ஒரு டிஎஸ்18பி20 சென்சார், தண்ணீரைக் குளிர்விக்கும் ஃபேனுக்கும் லைட்டுக்கும் ரிலே, அதாவது பை சொன்னபடி போட்டு அணைக்கும் சுவிட்ச். 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டரை மறக்காமல் போட்டால் ஒரு மாலையில் வேலை முடிந்துவிடும். பாடு எல்லாம் டேப்லெட்டோடுதான்.

முதல் டேப்லெட்டைப் பாண்டிச்சேரி ஞாயிறு சந்தையில் 900 ரூபாய்க்கு வாங்கினேன். “ஓடுமாப்பா?” என்றேன். “சூப்பரா ஓடும்ணே” என்று விற்ற பையன் ஆன் செய்து காட்டினான். கடலூர் மஞ்சக்குப்பத்தில் வீட்டுக்கு வந்து, பிரவுசரில் ரீஃப்-பையின் பக்கத்தைத் திறந்தால் வெறும் வெள்ளைத் திரை. செட்டிங்கில் போய்ப் பார்த்தேன், ஆண்ட்ராய்டு 4.4. அந்தப் பதிப்பில், ஆப்களுக்குள் வலைப்பக்கங்களைக் காட்டும் வெப்வியூவைத் தனியாகப் புதுப்பிக்க முடியாது, 5.0-இலிருந்துதான் அந்த வசதி. அடுத்த ஞாயிறு திருப்பிக் கொடுக்கப் போனேன். பையனையும் காணோம், அவன் விரித்திருந்த தார்ப்பாயையும் காணோம். திரை எரிகிறதா என்று பார்த்து ஏமாறாதீர்கள், பதிப்பு எண்ணைப் பாருங்கள்.

இரண்டாவது, மச்சான் வீட்டில் கிடந்தது. கொரோனா சமயத்தில் ஆன்லைன் வகுப்புக்கு வாங்கியது, ஆண்ட்ராய்டு 9, ஒரு மூலை விரிசல். பக்கம் திறந்தது. ஆனால் reef-pi என்ற பெயரைப் போட்டால் திறக்கவில்லை, ஐபி எண்ணை, அதாவது வீட்டு நெட்வொர்க்கில் பைக்கு ரவுட்டர் கொடுக்கும் முகவரியைப் போட்டால்தான் திறந்தது. ரவுட்டரில் அந்த எண்ணை பைக்கென்றே ஒதுக்கி வையுங்கள். இல்லாவிட்டால் கரண்ட் போய் வரும்போது எண் மாறி, மறுபடி தேட வேண்டியிருக்கும். ஃபுல்லி கியாஸ்க் என்ற பிரவுசரைப் போட்டுப் பக்கத்தை முழுத்திரையாக்கினேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது.

ஐந்தாவது வாரம் திரை ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. 24 மணி நேரமும் சார்ஜில் கிடந்து பேட்டரி உப்பிவிட்டது. உப்பிய பேட்டரியைக் குத்தாதீர்கள், அழுத்தாதீர்கள், மறுபடி சார்ஜ் போடவே போடாதீர்கள். நான் அதைக் கழற்றி மொட்டைமாடியில் மணல் வாளிக்குள் வைத்தேன். அப்புறம் டேப்லெட்டோடு பாண்டிச்சேரிக்கு பஸ் ஏறினேன். அரியாங்குப்பம் பாலத்து நெரிசலில் அரை மணி நேரம் போனது. கடைக்காரர் பின்புறத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு, “இந்த மாடலுக்கு பேட்டரி வராது சார், புதுசு ஒண்ணு பாருங்க” என்று ஒரு பெட்டியை எடுத்து முன்னால் வைத்தார். திரும்பி வந்தேன்.

பதில் எங்கள் தெருமுனை செல்போன் ரிப்பேர் தம்பியிடம் இருந்தது. பழைய பேட்டரியின் மேல் 357095 என்று போட்டிருந்தது. “அதுதாண்ணே அளவு. 3.5 மில்லி தடிமன், 70 அகலம், 95 நீளம். மாடல் பேரைச் சொல்லித் தேடினா கிடைக்காது, இந்த எண்ணைச் சொல்லணும்” என்றார். நான்கு நாளில் வரவழைத்து, பாதுகாப்பு சர்க்யூட்டோடு பற்றவைத்துக் கொடுத்தார். அன்று எனக்கு வந்த சந்தோஷத்துக்கு அளவே இல்லை. சார்ஜரை ஒரு டைமர் பிளக்கில் போட்டு, காலையில் ஒரு மணி நேரம், இரவில் ஒரு மணி நேரம் என்று வைத்தேன்.

மே மாதத்தில் ஒரு சனிக்கிழமை. பராமரிப்புக்காகக் காலை 9 மணிக்குக் கரண்டை நிறுத்தி மாலை 5 மணிக்குக் கொடுத்தார்கள். போகும்போதும் வரும்போதும் டேப்லெட்டில் தண்ணீரின் சூட்டைப் பார்த்தேன். 28.4. நிம்மதியாக இருந்தேன். ஞாயிறு மதியம் என் மனைவி கூப்பிட்டாள்: “என்னங்க, மீனெல்லாம் மேலே வந்து வாயைப் பிளக்குது.” அப்போதும் திரையில் 28.4. கையை விட்டால் வெதுவெது. கண்ணாடித் தெர்மாமீட்டரைத் தேடிப் போட்டேன், 33.

நடந்தது இதுதான். கரண்ட் திடீரென்று போனதில் பையின் எஸ்டி கார்டு கெட்டுவிட்டது. கரண்ட் வந்தும் பை எழவில்லை, ரிலே திறந்தே கிடந்தது, ஃபேன் ஓடவில்லை. டேப்லெட்டுக்குத்தான் சொந்த பேட்டரி இருக்கிறதே! சனிக்கிழமை காலை வாங்கிய எண்ணை ஞாயிறு மதியம் வரை சிரித்த முகத்தோடு காட்டிக்கொண்டிருந்தது. சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவாகத்தான் கரையும், அதனால்தான் மீன்கள் மேலே வந்தன. ஏர் பம்ப்பைப் போட்டு, பாட்டிலில் ஐஸ் அடைத்து மிதக்கவிட்டு, சாயங்காலம் வரை மெதுவாக இறக்கினேன். ஐஸ் கட்டியை நேராகப் போட்டுவிடாதீர்கள், சட்டென்று குளிர்ந்தால் அதுவும் மீனுக்கு ஆகாது. இத்தனை செய்தும் பெரிய ஏஞ்சல் பிழைக்கவில்லை.

அதற்குப் பிறகு செய்தவை: ஃபேனை ரிலேயின் என்சி முனைக்கு (ரிலேக்கு உத்தரவு வராதபோது இணைந்தே இருக்கும் முனை) மாற்றி, ரீஃப்-பையில் அந்த அவுட்லெட்டைத் தலைகீழ் என்று குறித்தேன். இனி பை செத்தால் ஃபேன் தானாக ஓடும். கியாஸ்க் பிரவுசரில் குறித்த நேரத்துக்கு ஒரு முறை பக்கத்தைத் திரும்ப ஏற்றும் அமைப்பு இருக்கிறது. முதல் நாளே போட்டிருக்க வேண்டியதை இப்போது போட்டேன், இணைப்பு இல்லாவிட்டால் எண் மறைந்து பிழைச் செய்தி வரும். ரவுட்டருக்கும் பைக்கும் ஒரு சின்ன யுபிஎஸ். டேப்லெட் பக்கத்திலேயே 60 ரூபாய் கண்ணாடித் தெர்மாமீட்டரும் ஒட்டியிருக்கிறது.

போன வாரம் சோதித்துப் பார்க்க பையின் பிளக்கை நானே பிடுங்கினேன். ஃபேன் சுற்ற ஆரம்பித்தது. கொஞ்ச நேரத்தில் டேப்லெட்டில் எண் போய்ப் பிழைச் செய்தி வந்தது. ஒரு மாதத்தில் அவ்வளவு திருப்தியாக நான் எதையும் பார்க்கவில்லை. காபியோடு வந்த மனைவி திரையைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: “மறுபடியும் கெடுத்துட்டீங்களா?”