அதான் இருக்குன்னு சொன்னீங்களே

"மைனர்" என்ற சொல்லை ஒரு நாளைக்கு எத்தனை தடவை சொல்கிறேன் என்று எண்ணியதில்லை. தலசீமியா என்ற பரம்பரை ரத்த நோய்க்கான பிரிவில் ஆலோசகர் வேலை என்றால் பாதி நேரம் அந்தச் சொல்லைச் சொல்வதும் மீதி நேரம் அதை விளக்குவதும்தான்: பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் பிழையான மரபணு வந்தால் மைனர், இருவரிடமிருந்தும் வந்தால் ஆயுசு முழுக்க ரத்தம் ஏற்ற வேண்டிய மேஜர். பதினோரு வருஷமாக விளக்கிக்கொண்டிருக்கும் அதை ஒரு போன் பேச்சில் சரியாகச் சொன்னேனா என்பது மட்டும் இன்னும் பிடிபடவில்லை.

கர்ப்பமாயிருந்த ஒருத்தியின் வயிற்றுக் குழந்தைக்குச் சோதனை செய்திருந்தோம். அவள் கணவரிடம் போனில் பேசியது இவ்வளவுதான்.

"ரிசல்ட் வந்திடுச்சு தம்பி. மைனர்தான்."

அந்தப் பக்கம் தறி ஓடிக்கொண்டிருந்தது. "என்னங்க மேடம்?"

"மைனர். உங்க ரெண்டு பேருக்கும் இருக்கிற மாதிரிதான் குழந்தைக்கும் இருக்கு. பயப்பட ஒண்ணும் இல்ல."

"அப்போ இருக்குதுங்களா?"

"இருக்கு, ஆனா..."

"சரிங்க மேடம்."

வைத்துவிட்டார். நான் பதிவேட்டில் 'தகவல் தெரிவிக்கப்பட்டது' என்று எழுதித் தேதி போட்டேன். வெளியே அடுத்த குடும்பம் காத்திருந்தது.

ரிசல்ட்டைப் போனில் சொல்லக் கூடாது, தம்பதி இருவரையும் உட்கார வைத்துத்தான் சொல்ல வேண்டும். விதி எனக்கும் தெரியும். ஆனால் அவர்கள் ஊரிலிருந்து வந்துபோக ஒரு நாள் தறிக்கூலி போகும். அவளுக்கு வாந்தி நிற்கவில்லை. பதினான்காவது வாரம் நடந்துகொண்டிருந்தது. மூன்று நாளாக அவரேதான் போன் போட்டுக் கேட்டார். மேஜர் என்று வந்திருந்தால் நேரில்தான் வரச் சொல்லியிருப்பேன். நல்ல சேதிதானே, சொன்னால் நிம்மதியாகத் தூங்குவார்கள் என்று நினைத்தேன்.

மூன்றாவது வாரம் மூத்தவனுக்கு ரத்தம் ஏற்ற வந்தாள். ஐந்து வயசு, மேஜர். அட்டை வைத்துக் கட்டிய கையைத் தலையணையில் நீட்டிவிட்டு, மறு கையால் அம்மா போனில் கார்ட்டூன் தள்ளிக்கொண்டிருந்தான். நான் போகிறபோக்கில், "எத்தனை வாரம் ஆச்சும்மா?" என்றேன்.

"கலைச்சாச்சுங்க மேடம்."

எங்கே, எப்போது என்றெல்லாம் கேட்டிருக்க வேண்டும். எனக்கு வாயில் வந்தது "ஏன்?" மட்டும்தான்.

"அதான் இருக்குன்னு சொன்னீங்களே."

குரலில் கோபம் இல்லை, அழுகையும் இல்லை. பேருந்து ஏன் தாமதம் என்று கேட்டால் சொல்வதுபோலச் சொல்லிவிட்டு, பையனின் போர்வையை இழுத்து விட்டாள். அதற்குப் பிறகு நான் மைனர் என்றால் என்ன என்று ஆரம்பித்தேன். அந்த நேரத்தில்! இப்போது நினைத்தாலும் கூசுகிறது. அவள் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள்.

முதல் சில மாதம் நான் நம்பியது, தறிச் சத்தத்தில் 'இருக்கு' மட்டும் கேட்டது, 'ஒண்ணும் இல்ல' காணாமல் போனது என்று. அப்படியானால் தப்பு என்னுடையது. திரும்ப ஒரு போன் போட்டிருந்தால் போதும்.

ஆனால் யோசிக்க யோசிக்க இது பொருந்தவில்லை. அவளே மைனர். கட்டிக்கொண்டது தாய்மாமனை, அவரும் மைனர். மாமியார் என்றால் அவளுடைய சொந்த அம்மாயிதான், அம்மாவின் அம்மா. இருவருக்கும் ஒரே மரபணுப் பிழை, நம் நாட்டில் அதிகம் காணப்படும் ஐவிஎஸ் 1-5. அது யார் வழியாக வந்தது என்று பார்க்க அம்மாயிக்கும் சோதனை செய்தோம். நெஸ்ட்ராஃப்ட் என்று ஒரு மலிவான சோதனை. 0.36 சதவீத உப்புக் கரைசலில் துளி ரத்தத்தை விட்டு அரை மணி நேரம் வைத்தால், சாதாரண சிவப்பணுக்கள் உடைந்து கரைசல் தெளிந்துவிடும். குழாய்க்குப் பின்னால் பிடித்த தாளில் இருக்கும் கறுப்புக் கோடு பளிச்சென்று தெரியும். மைனர் ரத்தத்தில் அணுக்கள் சட்டென்று உடையாது, கலங்கலாகவே நிற்கும், கோடு மறைந்துவிடும். அம்மாயி குழாயை உற்றுப் பார்த்துவிட்டு, "கோடு தெரியலயே கண்ணு, கண்ணாடிய ஊட்டுலயே வெச்சுட்டு வந்துட்டேன்" என்றது. சிரித்துவிட்டோம். அப்புறம் ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துக் காட்டும் எச்பிஎல்சி சோதனை பார்த்ததில், ஏ2 என்ற வகை ஐந்து சதவீதத்துக்கு மேல் இருந்தது. 3.5க்குள் இருக்க வேண்டியது அது. அறுபது வருஷம் களை எடுத்து, நாலு பிள்ளை பெற்ற உடம்பு.

மூன்று மைனர்கள் உட்கார்ந்து பேசி ஒரு மைனரை வேண்டாம் என்று முடிவெடுத்திருக்கிறார்கள். மைனர் என்றால் என்ன என்று அவர்களுக்கா தெரியாது?

தெரிந்துதான் செய்தார்களோ? இது முதல் சந்தேகத்தைவிட மோசமாக இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் வாராவாரம் நீல நிற இரும்பு மாத்திரை, கர்ப்பத்தில் தினம் ஒன்று, எதைத் தின்றாலும் ஹீமோகுளோபின் ஒன்பதைத் தாண்டாது என்று அவளே சொல்லியிருக்கிறாள். ஊரில் 'ரத்தமில்லாத பொண்ணு' என்று பேர். மாத்திரையைத் தூக்கிப் போடுகிறாள் என்று நர்ஸ் திட்டியிருக்கிறார். தலசீமியா மைனருக்கு இரும்புக் குறைவும் இருந்தால்தான் மாத்திரை வேலை செய்யும் என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை. எட்டு மாதத்தில் பையன் வெளுத்துப்போன பிறகுதான் அவள் ரத்தத்தையே சோதித்தோம். நாங்கள் 'ஒண்ணும் பண்ணாது' என்று சொல்லும் அந்த ஒன்று அவளை எவ்வளவோ பண்ணியிருக்கிறது.

வம்ச வரைபடம் போட்டபோதுகூட, ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், மைனருக்குப் பாதி கறுப்பு என்று நான் பேனாவால் நிரப்பிக்கொண்டே போக, "எனக்கு எதுக்குங்க மேடம் பாதி கறுப்பு?" என்று கேட்டாள். அடையாளத்துக்குத்தான் என்று சொல்லிவிட்டு அடுத்த வட்டத்துக்குப் போய்விட்டேன்.

பயிற்சியில் கிரீஸ் நாட்டு ஊர் ஒன்றைப் பற்றிச் சொல்வார்கள். ஆர்கோமெனோஸ். அங்கே 1960களில் சிக்கிள் செல் என்ற இன்னொரு பரம்பரை ரத்த நோய்க்கு ஊர் மொத்தமும் சோதனை செய்தார்கள். அதுவும் பெரியவர்கள் பேசி முடிக்கும் கல்யாணங்களின் ஊர். கேரியர், அதாவது நம் மைனர் மாதிரி, என்று தெரிந்தவர்களுக்கு வரன் தகைவது சிரமமானது, பலர் மறைத்தார்கள், கடைசியில் கேரியரும் கேரியரும் கட்டிக்கொள்வது எதிர்பார்த்தபடி குறையவில்லை. நான் அதை வகுப்பில் குறிப்பெடுத்துக்கொண்டு, நம் ஊருக்கு நன்றாகப் பொருந்துகிறதே என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னதாகவும் ஞாபகம். கையில் மைனர் ரிசல்ட்டுடன் போனை எடுத்தபோது மட்டும் அது ஞாபகம் வரவில்லை.

இன்னொன்று. இரண்டு மைனர்களுக்கு ஒவ்வொரு கர்ப்பத்திலும் மேஜர் வர நான்கில் ஒரு வாய்ப்பு, மைனர் வர நான்கில் இரண்டு, ஒன்றுமே இல்லாமலிருக்க நான்கில் ஒன்று. நாங்கள் அந்த முதல் ஒன்றைத்தான் அழுத்தி அழுத்திச் சொல்வோம். நடுவில் இருக்கும் இரண்டை ஒரே மூச்சில் தாண்டிவிடுவோம். பன்னிரண்டாவது வாரத்தில் ஊசி போட்டு நஞ்சுக்கொடியிலிருந்து துளி சதை எடுத்து அனுப்பும்போது, 'பாதிக்குப் பாதி மைனர்தான் வரும், அப்படி வந்தால் உங்கள் வீட்டில் என்ன பேசுவீர்கள்?' என்று நான் கேட்கவே இல்லை.

கேட்டிருந்தால் மாறியிருக்குமா? முடிவு அவர்களுடையது என்பதுதான் எங்கள் தொழிலின் பாலபாடம். மேஜர் என்று வந்து, வேண்டாம் என்று சொல்லியிருந்தால், தலையசைத்துப் பரிந்துரைக் கடிதம் எழுதிக் கொடுத்திருப்பேன். அதுவும் அந்தப் பையன் பக்கத்துக் கட்டிலில் படுத்திருக்கும்போதே. அங்கே வராத கேள்வி இங்கே மட்டும் ஏன் வருகிறது? எந்த முடிவு நியாயம் என்று எனக்குள் ஒரு கோடு போட்டு வைத்துக்கொண்டு, 'முடிவு உங்களுடையது' என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன் போல.

அதற்குப் பிறகு போனில் ரிசல்ட் சொல்வதில்லை என்று முடிவெடுத்தேன். போன மாதம் சொன்னேன். திருப்பூரில் வேலை பார்ப்பவர், லீவு கிடைக்கவில்லை. மைனர் என்று மூன்று தடவை சொல்லி, அவரையும் திருப்பிச் சொல்ல வைத்தேன். அதிலும் திருப்தியில்லை.

இரண்டு வருஷம் கழித்து அவள் ஒரு கைக்குழந்தையோடு வந்தாள். பெண் குழந்தை, இரண்டு மாதம். இந்தக் கர்ப்பத்தை எங்களிடம் சொல்லவே இல்லை, வயிற்றில் சோதனையும் செய்யவில்லை. மூத்தவனை வேறொரு இடத்தில் காட்டிக்கொண்டிருந்திருக்கிறார்கள். "இப்போ பாத்துச் சொல்லுங்க" என்றாள். இந்த வயசில் ரத்தத்தில் சிசு ஹீமோகுளோபின் இன்னும் நிறைய இருக்கும், எச்பிஎல்சியில் தெளிவாகத் தெரியாது, ஒரு வயசு வரை பொறுக்கலாம், இல்லை மரபணுச் சோதனை செய்யலாம் என்றேன். பொறுக்க மாட்டேன் என்றாள். வீட்டுப் பிழை எது என்று ஏற்கெனவே தெரியுமாதலால் அதை மட்டும் தேடச் சொல்லி அனுப்பினோம்.

ரிசல்ட் வந்ததும் இருவரையும் வரச் சொன்னேன். குழந்தையைத் தூக்கிக்கொண்டு அவள் மட்டும் வந்தாள். கதவைச் சாத்தினேன், போனை அணைத்தேன். எப்படி ஆரம்பிப்பது என்று காலையிலிருந்து மனசுக்குள் ஒத்திகை பார்த்திருந்தேன். பாப்பா நன்றாக இருக்கிறாள், ரத்தம் ஏற்ற வேண்டியதில்லை, ஓடியாடி வளர்வாள் என்று சொல்லிக்கொண்டே போனேன். மைனர் என்ற சொல் வாயில் வரவில்லை.

அவள் நடுவில் நிறுத்தினாள். "இருக்குதா இல்லையா, அத மட்டும் சொல்லுங்க மேடம்."

"இருக்கு" என்றேன். "ஆனா" என்று தொடர வந்ததை விழுங்கிவிட்டேன்.

"என்னய மாதிரிங்களா?"

"உன்னை மாதிரி."

அவள் குழந்தையின் கீழ் இமையை விரலால் மெல்ல இழுத்துப் பார்த்தாள், நாங்கள் வெளுப்பு பார்ப்போமே, அதே மாதிரி. பிறகு ரிசல்ட் தாளை நாலாக மடித்து, தடுப்பூசி அட்டைக்குள் வைத்துக்கொண்டு, "இவளுக்கு அந்த இரும்பு டானிக் குடுக்கச் சொல்லுவாங்களே, குடுக்கணுங்களா?" என்று கேட்டாள்.