கடுகு தாளிக்காத மூன்று நாள்

சிங்கப்பூர்ப் புற்றுநோய்ச் சங்கம் 50 வயது நிரம்பியவர்களுக்கு இலவசமாகத் தரும், மலத்தில் ரத்தம் இருக்கிறதா என்று பார்க்கும் ஃபிட் பரிசோதனைப் பொட்டலத்தை என் மனைவிதான் வாங்கி வந்தார். மூன்று மாதம் அதைத் தொடவில்லை. எனக்கு 53 வயது, வயிற்றில் ஒரு தொந்தரவும் இல்லை. மலத்தைக் குச்சியால் தொட வேண்டுமே என்ற கூச்சம் வேறு. "ஏங்க, ரெண்டு நிமிஷ வேலைங்க" என்று அவர் விடாமல் சொன்னதால்தான் செய்தேன். இரண்டு நாள், இரண்டு குழாய், பிறகு தபால். மனித ரத்தத்தை மட்டுமே இது கண்டுபிடிக்கும் என்பதால் சாப்பாட்டில் பத்தியம் கிடையாது.

ரத்தம் இருப்பதாக முடிவு வந்தது. அன்றிரவு தூங்கவில்லை. மூலம் இருந்தாலும் இப்படி வரலாம், பெருங்குடலை உள்ளே பார்த்தால்தான் தெரியும் என்று பலதுறை மருந்தகத்து மருத்துவர் பொறுமையாகச் சொல்லி, மருத்துவமனைக்கு எழுதிக்கொடுத்தார்.

பெருங்குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்கும் கொலோனோஸ்கோப்பியை விட அதற்கு முந்தைய மூன்று நாள்தான் கடினம். கீரை, பருப்பு, கொய்யா எதுவும் கூடாது. தாளிப்பில் கடுகு, சீரகம்கூட இல்லை. வெள்ளைச் சோறு, மீன், முட்டை. முந்தின நாள் மாலை பேதி மருந்து, பாக்கியை விடிகாலை நான்கு மணிக்கு எழுந்து குடித்தேன். உப்புக் கரிக்கும். நன்றாகக் குளிரவைத்து ஸ்ட்ராவில் குடித்தால் இறங்குகிறது. கடைசியில் இளமஞ்சள் தண்ணீராகப் போக வேண்டும். இதில் ஏமாற்றாதீர்கள். குடல் சுத்தமாக இல்லாவிட்டால் சின்னக் கட்டி ஒளிந்துகொள்ளும்.

மயக்க ஊசி போட்டார்கள், வலி தெரியவில்லை. குடல் சுவரில் வளரும் சின்னக் கட்டிகளான பாலிப் இரண்டு இருந்தன. 12 மில்லிமீட்டர் பெரியது மருத்துவர் கண்ணில் உடனே பட்டதாம். 4 மில்லிமீட்டர் தட்டையானதைச் செயற்கை நுண்ணறிவு திரையில் பச்சைக் கட்டம் போட்டுக் காட்டியிருக்கிறது. மருத்துவர் கேமராவை நகர்த்த நகர்த்த, அதுவும் கூடவே படத்தை அலசுகிறது. அமெரிக்காவில் இத்தகைய கருவிக்கு 2021இல்தான் அனுமதி கிடைத்தது. இரண்டையும் சுருக்குக் கம்பியால் அங்கேயே எடுத்துவிட்டார்கள். செலவில் ஒரு பகுதியை என் மருத்துவச் சேமிப்புக் கணக்கான மெடிசேவ் ஏற்றது.

ஆய்வக முடிவில் இரண்டுமே அடினோமா என்ற வகைக் கட்டி, புற்றுநோய் இல்லை. விட்டிருந்தால் பெரியது சில ஆண்டுகளில் புற்றாக மாறியிருக்கலாம் என்றார் மருத்துவர். மூன்று ஆண்டு கழித்து மறுபடி பார்க்க வேண்டும்.

ஈசூனில் இருக்கும் என் அண்ணனுக்கு 58 வயது. அவருடைய பொட்டலம் இன்னும் பிரிக்கப்படாமல் இருப்பதாக அண்ணி சொன்னார். ஞாயிற்றுக்கிழமை நேரில் போகிறேன்.