இராத்திரி படகுக்கு ஒரு கை லைட்: மண்டபத்தில் சோதித்துப் பார்த்தது

கை லைட் கேட்டுப் போனால் கடைக்காரர் முதலில் சொல்வது தூரம்தான். "ஒரு கிலோமீட்டர் அடிக்கும் சார்." இராமநாதபுரம் பஜாரிலும் அதேதான், ஆன்லைனிலும் அதேதான். மண்டபம் வடகடலில் (பாக் விரிகுடா பக்கம்) மச்சானின் பைபர் படகில் இராத்திரி தூண்டிலுக்குப் போகிற எனக்கு ஒரு கிலோமீட்டரை வைத்து என்ன செய்வது?

எங்களுக்குத் தெரிய வேண்டியவை கொஞ்சம்தான். நண்டு வலையின் மிதப்பு, அதுவும் பாதி நேரம் பழைய தெர்மாகோல் துண்டு அல்லது தண்ணீர் பாட்டில். பாசி வளர்க்கிற மூங்கில் மிதவையும் அதைக் கட்டியிருக்கிற கயிறும். விளக்கே போடாமல் நிற்கிற வத்தை (நாட்டுப்படகு). கரைக்கு வரும்போது கட்டிக் கிடக்கிற படகுகள். எங்கள் படகு 8 நாட் ஓடினால் நொடிக்கு சுமார் 4 மீட்டர். 60 மீட்டரில் ஒரு மிதப்பைப் பார்த்துவிட்டால் கையில் 15 நொடி இருக்கிறது, திருப்பவும் திருப்பலாம், இன்ஜினைத் தணிக்கவும் செய்யலாம். ஆக 60 மீட்டரில் தெளிவாகத் தெரிகிற லைட்தான் வேண்டும், அதற்கு மேல் கிடைப்பதெல்லாம் இனாம்.

அட்டைப்பெட்டியில் பெரிதாகப் போட்டிருக்கிற லூமன் இதற்கு உதவாது. லூமன் என்பது லைட் மொத்தமாக எவ்வளவு வெளிச்சத்தைக் கொட்டுகிறது என்பது. ஒரே திசையில் எவ்வளவு குவிகிறது என்பதைச் சொல்வது கேண்டெலா. இதை வீட்டிலேயே அளக்கலாம். இருட்டுத் தெருவில் சுவரில் இருந்து சரியாக 10 மீட்டர் தள்ளி லைட்டைப் பிடித்து, சுவர் ஓரம் போனை வைத்து லக்ஸ் (ஓர் இடத்தில் விழுகிற வெளிச்சத்தின் அளவு) அளக்கிற ஆப்பைப் பார்த்து, வருகிற எண்ணை 100-ஆல் பெருக்கினால் கேண்டெலா. போன் சென்சார் துல்லியமானது இல்லை, ஆனால் இரண்டு லைட்டை ஒப்பிட்டுப் பார்க்கப் போதும். டார்ச் கம்பெனிகள் சொல்கிற தூரம், வெளிச்சம் 0.25 லக்ஸாகக் குறைகிற இடம், அதாவது ஏறக்குறைய முழுநிலா வெளிச்சம். கேண்டெலாவின் வர்க்கமூலத்தை இரண்டால் பெருக்கினால் அந்தத் தூரம் வந்துவிடும். ஒரு கிலோமீட்டர் என்று சொல்ல 2,50,000 கேண்டெலா வேண்டும். உள்ளங்கை அளவு முகம் உள்ள மலிவு லைட்டில் அதை நான் நம்ப மாட்டேன். 9900 எம்ஏஹெச் (பேட்டரியின் கொள்ளளவு) என்று அச்சடித்த 18650 பேட்டரியும், அதாவது டார்ச்சில் போடுகிற உருளை லித்தியம் செல்லும், அதே ஜாதி. அந்த அளவு செல்லில் நல்ல கம்பெனிக்காரனே 3500 பக்கம்தான் நிற்கிறான்.

வீட்டில் கிடந்த பெரிய சார்ஜ் லைட் 10 மீட்டரில் 40 லக்ஸ் காட்டியது, அதாவது 4,000 கேண்டெலா, கணக்குப்படி 126 மீட்டர். உண்மையில் பொருளை அடையாளம் தெரிந்துகொள்ள அதில் பாதி என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் நண்பர் ஒருவரிடம் இரவல் வாங்கிய ஒல்லிக் கற்றை டார்ச் 360 லக்ஸ், 36,000 கேண்டெலா, 380 மீட்டர் பக்கம். காகிதத்தில் பார்த்தால் இதுதானே ராஜா? கடலில் கதை வேறு. கற்றை 5 டிகிரி அகலம் என்றால் 60 மீட்டரில் அது 5 மீட்டர் வட்டம்தான், படகு ஒரு பக்கம் சாய்ந்தால் வட்டம் வானத்துக்குப் போகிறது, மறுபக்கம் சாய்ந்தால் காலடித் தண்ணீருக்கு வருகிறது, நடுவில் மிதப்பு இருந்ததா இல்லையா என்றே தெரியாது. மச்சான் பின்னால் இருந்து, "மாப்ள, மீனைத் தேடுறியா நட்சத்திரத்தைத் தேடுறியா?" என்று கேட்டார்.

பழைய சார்ஜ் லைட்டின் வியாதி நேர் எதிர். வெளிச்சம் பக்கவாட்டில் சிதறி எங்கள் படகின் வெள்ளை உள்பக்கத்திலேயே பட்டுத் திரும்புகிறது, அடிக்கிற நீர்த்துளியிலும் பட்டுத் திரும்புகிறது, அதற்குப் பிறகு இருட்டில் ஒன்றுமே தெரிவதில்லை. கண் இருட்டுக்கு நன்றாகப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். ஒரு தடவை இப்படிப் பளீரென்று அடித்தால் அவ்வளவும் போச்சு. அதனால் சுக்கான் பிடிப்பவர் கையில் லைட்டே கொடுக்கக் கூடாது என்பது எங்கள் முடிவு. அணியத்தில் (படகின் முன்முனையில்) இருப்பவர், முன்னால் படகின் எந்தப் பாகமும் இல்லாதபடி, கையைப் பக்கவாட்டில் நீட்டி, முகத்துக்கு நேராக இல்லாமல் இடுப்பு உயரத்தில் பிடிக்க வேண்டும். இதைச் செய்ததில் அந்த மட்டமான லைட்டே பாதி குணமாகிவிட்டது! உள்பக்க அணியத்தில் கறுப்பு மேட் பெயின்ட் அடித்தது இன்னும் கொஞ்சம்.

கடைசியில் எடுத்தது நடுத்தரம்: அளந்து பார்த்ததில் 15,000 கேண்டெலா சுற்றுவட்டம், கற்றை 12 டிகிரி போல, 60 மீட்டரில் 12 மீட்டர் அகலம். ஆனால் நான் அதை எடுத்தது அதன் விசைக்காக. துப்பாக்கிப் பிடி மாதிரி; அமுக்கினால் எரிகிறது, விட்டால் அணைகிறது. இரண்டு நொடி பார்த்துவிட்டு அணைக்கிற வேலைக்கு இதுதான் தோது. ஒரே பட்டனை அமுக்கி அமுக்கி அதிகம், குறைவு, மினுக்கல் என்று சுற்றிவரும் ரகம் வேண்டவே வேண்டாம், இரை பிசுபிசுத்த கையோடு இருட்டில் அதில் மாட்டினால் தெரியும். மினுக்கல் ஆபத்தும்கூட: 1972 சர்வதேச மோதல் தவிர்ப்பு விதிகளில், கவனத்தை ஈர்க்க ஆபத்து இருக்கிற திசையில் விளக்கை அடிக்கலாம், ஆனால் அடுத்த படகைத் தடுமாற வைக்கக் கூடாது, ஸ்ட்ரோப் போன்ற பளிச்சிடும் விளக்குகளைத் தவிர்க்க வேண்டும் என்று இருக்கிறது. கை லைட் இருக்கிறதே என்று சிவப்பு, பச்சைப் பக்க விளக்கையும் சுற்றிலும் தெரிகிற வெள்ளை விளக்கையும் விட்டுவிடவும் முடியாது.

தண்ணீர் விஷயத்தில், பெட்டியில் போட்டிருக்கிற நீர்புகாத் தரம் ஐபிஎக்ஸ்7 என்றால் 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம், அதுவும் நல்ல தண்ணீரில். உப்பின் அரிப்பைப் பற்றி அந்த எண் எதுவும் சொல்லாது. பேட்டரி அறையில் டிஷ்யூ பேப்பரைச் சுருட்டி வைத்து, செல் இல்லாமல் கடல்தண்ணீர் வாளியில் அரை மணி நேரம் அமுக்கி வைத்தேன். பேப்பர் காய்ந்தே இருந்தது. பராமரிப்பு இவ்வளவுதான்: ஓ-ரிங்கில் (மூடியின் ரப்பர் வளையத்தில்) சிலிகான் கிரீஸ், வந்தவுடன் நல்ல தண்ணீரில் கழுவுவது, சார்ஜ் போடும் ஓட்டையின் ரப்பர் மூடியைத் தினமும் பார்ப்பது. மிதக்கும் என்று போட்டிருந்ததை நம்பாமல் வாளியில் போட்டும் பார்த்தேன், மிதந்தது.

தென்கடலுக்கு (மன்னார் வளைகுடா பக்கம்) போகிறவர்கள் கேட்பது: பார், அதாவது தண்ணீருக்கு அடியில் இருக்கிற பாறைத்திட்டு, தெரியுமா? தெரியாது. படுத்த கோணத்தில் போகிற வெளிச்சத்தில் பெரும்பகுதி தண்ணீர் மேற்பரப்பிலேயே பட்டு முன்னால் தெறித்துப் போய்விடும், உள்ளே இறங்காது. நுரை உடைந்தால் அது தெரியும், அவ்வளவுதான். தீவுப் பக்கம் ஜிபிஎஸ்ஸையும் பழகின ஆளையும் நம்புங்கள், லைட்டை அல்ல. விளக்கு போட்டு மீனைக் கூட்டுகிற யோசனை இருந்தால் அதையும் இங்கேயே விட்டுவிடுங்கள். நம் நாட்டின் பிரத்யேகப் பொருளாதாரக் கடல்பகுதியில் எல்இடி விளக்கு மீன்பிடிப்பை மத்திய அரசு 2017 நவம்பரில் தடை செய்தது.

இத்தனைக்கும் மேல், பெரிய செலவில்லாமல் பெரிய வித்தியாசம் காட்டியது லாரியில் ஒட்டுகிற ரிப்ளெக்டர் டேப். வெளிச்சத்தை வந்த திசையிலேயே திருப்பி அனுப்புவதால், எங்கள் நங்கூர மிதப்பில் ஒரு சுற்று ஒட்டியதும் போன் டார்ச்சுக்கே பளிச்சென்று பதில் சொல்கிறது. தெர்மாகோலில் நேராக ஒட்டினால் உப்புத் தண்ணீரில் உரிந்துவிடுகிறது. பிவிசி பைப் துண்டில் ஒட்டி அதை மிதப்பில் சொருகிவிட்டோம், இதுவரை நிற்கிறது. பக்கத்தில் வலை போடுகிறவர்களுக்கும் ஒரு ரோல் வாங்கிக் கொடுக்கலாம் என்று மச்சான் சொல்கிறார், அவர்கள் மிதப்பு தெரிந்தால் எங்கள் புரொப்பல்லருக்குத்தானே லாபம்.